அழியும் ஏடும் தேயும் ஏடும்

(சிறு கணிப்பொறிகளில் நினைவகக் கோப்பு முறைமை)

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

எங்கள் இயற்பியல் துறையின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளை நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருப்பதை நண்பர்கள் பலர் பார்த்திருக்கலாம். அதற்குள் இருப்பது ராஸ்பெர்ரி பை ஜீரோ என்னும் கணிப்பொறி. நீளம் 65 மி.மீ., அகலம் 30 மி.மீ. இங்கிலாந்தில் 2015 நவம்பரில் வெளிவந்தபோது அதன் விலை 5 டாலர். அதில் 512 மெகாபைட் நினைவகம் உண்டு. ஹார்ட் டிஸ்க் கிடையாது. செல்பேசியில் செருகுகிறோமே, நகத்தளவு மைக்ரோ எஸ்டி கார்டு, அதுதான் அதற்கு ஏடு, பெட்டகம் எல்லாம். 10 வினாடிக்கு ஒருமுறை காற்றின் வெப்பநிலையைப் படித்து ஒரு வரி எழுதிவைப்பதும், பக்கத்திலுள்ள மழைமானியின் சிறு தொட்டி நிறைந்து கவிழும்போதெல்லாம் அதை எண்ணுவதும் அதன் வேலை.

இதை அமைத்தவர்கள் சென்ற ஆண்டு படித்து முடித்த அண்ணன்மார். அவர்கள் விடைபெற்றுச் செல்லும்போது பெட்டியின் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். மூன்றாம் மாதமே கார்டு செத்துவிட்டது. படிக்கவும் முடியவில்லை, எழுதவும் முடியவில்லை. நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒரு கருவி பழுதானால் குற்றம் நம்முடையதாகத்தான் இருக்கும் என்ற அச்சம் என்னைப் போன்றவர்களுக்கு எளிதில் வரும். பேராசிரியர் சிரித்துவிட்டு, “நீ கெடுக்கவில்லை. அது எழுதி எழுதித் தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது என்று பார்த்து வா” என்றார். பார்த்து வந்ததே இக்கட்டுரை.

தேயும் ஏடு

எஸ்டி கார்டுக்குள் இருப்பது ஃபிளாஷ் என்னும் நினைவகம். ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1984இல் இதனை உலகுக்கு அறிவித்தார். இன்றைய கார்டுகளில் உள்ள நேண்ட் என்னும் வகை 1987இல் வந்தது. புகைப்படக் கருவியின் ஃபிளாஷ் ஒளி போல ஒரே வீச்சில் ஒரு பகுதி முழுவதும் அழிந்துவிடுவதால் உடன் பணியாற்றியவர் ஒருவர் சூட்டிய பெயராம் அது.

அந்தப் பெயருக்குள்ளேயே நம் தொல்லையும் இருக்கிறது. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ தொகுதி தொகுதியாக. ஒரு பக்கம் சில ஆயிரம் பைட். நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. எழுதிய பக்கத்தின்மேல் நேராகத் திருத்தி எழுத முடியாது. அந்தத் தொகுதியை முழுவதும் அழித்த பிறகே அங்கே மறுபடி எழுதலாம்.

அழிக்கும்போது என்ன நடக்கிறது? ஒவ்வொரு சிற்றறையிலும் ஆக்சைடு என்னும் காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு தீவு இருக்கிறது. எலெக்ட்ரான்கள் அந்தத் தீவில் சிறைப்பட்டிருந்தால் ஓர் எண், இல்லாவிட்டால் மற்றோர் எண். மின்சாரம் நின்றாலும் அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். சுற்றிலும் சுவர் அல்லவா! அவற்றை உள்ளே செலுத்தவும் வெளியே எடுக்கவும் உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்துச் சுவரையே ஊடுருவச் செய்ய வேண்டும். டனலிங் எனப்படும் இந்தக் குவாண்டம் ஊடுருவல் நமக்கு மூன்றாம் ஆண்டில்தான் பாடமாக வரும் என்கிறார்கள். ஒவ்வோர் ஊடுருவலிலும் படலம் சிறிது சிதைகிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைத்த வகையில் ஒரு தொகுதியை ஏறத்தாழ 1 லட்சம் முறை அழித்து எழுதலாம். இன்றைய மலிவான கார்டுகளில் ஓர் அறைக்குள் 3 பிட் வரை திணிக்கிறார்கள். அவை சில ஆயிரம் முறையோ அதற்கும் குறைவாகவோதான் தாங்கும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாதபடி கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பக்கங்களை மாற்றி மாற்றி வைக்கிறது. அது காலத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தேய்மானத்தை நிறுத்தாது.

கணினியின் நினைவகமான ரேம் இதற்கு நேர்மாறு. அங்கே மின்தேக்கிகளில் மின்னூட்டம் இருக்கிறது. சுவர் அத்தனை வலுவானதன்று. கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை எல்லாவற்றையும் படித்து மறுபடி நிரப்ப வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. ஆனால் சுவரை உடைத்துப் போகும் வேலை இல்லாததால் எத்தனை கோடி முறை எழுதினாலும் தேய்வதில்லை. எது பொருளை நிலைக்கச் செய்கிறதோ அதுவே தேயவும் செய்கிறது என்பது எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது.

இனி நம் பெட்டியின் கணக்கைப் பார்ப்போம். 10 வினாடிக்கு ஒரு வரி என்றால் நாளொன்றுக்கு 8,640 வரிகள். ஒரு வரி 30 பைட். மொத்தம் 2,59,200 பைட். இது ஒன்றுமில்லை, ஒரு சிறிய புகைப்படம் இதைவிடப் பெரிது. ஆனால் 30 பைட் எழுத வேண்டுமானாலும் கோப்பு முறைமை 4 கிலோபைட் கொண்ட ஒரு முழுப் பகுதியாகத்தான் எழுதும். அதோடு கோப்பின் நீளம் மாறியது, நேரம் மாறியது என்று குறிப்பேட்டிலும் எழுதும். மின்சாரம் நடுவில் போனால் குழப்பம் வராதிருக்க ஒரு முன்குறிப்பும் எழுதும். அண்ணன்மார் ஒவ்வொரு வரியையும் உடனே கார்டில் சேர்க்கும்படி நிரல் எழுதியிருந்தார்கள். வரிக்கு 4 பகுதிகள் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 8,640 × 16 கிலோபைட், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 135 மெகாபைட். எழுத வேண்டிய விஷயத்தைப் போல ஐந்நூறு மடங்குக்கு மேல்! கார்டுக்குள் பக்கங்களை இடம் மாற்றும்போது ஏற்படும் எழுத்து இதில் சேரவில்லை. லினக்ஸ் தன் நடவடிக்கைகளைப் பற்றி எழுதிக்கொள்ளும் நாட்குறிப்புகள் வேறு.

அழியும் ஏடு

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதுதான் நினைவகக் கோப்பு முறைமை. கோப்பு முறைமை என்பது பெயர், அடைவு, நீளம் என்று ஒழுங்குபடுத்தித் தகவலை வைக்கும் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் கார்டில் செய்யாமல் ரேமிலேயே செய்துவிட்டால்? நிரலுக்கு வேறுபாடே தெரியாது. அது வழக்கம்போலக் கோப்பைத் திறக்கும், எழுதும், மூடும். கார்டு மட்டும் ஓய்ந்திருக்கும்.

பழைய வழி ரேம் டிஸ்க். நினைவகத்தில் ஒரு துண்டை ஒதுக்கி, ‘இது ஒரு டிஸ்க்’ என்று பாவனை செய்து, அதன்மேல் வழக்கமான கோப்பு முறைமையை அமைப்பது. ஒதுக்கிய துண்டு காலியாக இருந்தாலும் அது ஒதுக்கியதுதான். அன்றியும் டிஸ்கிலுள்ளதை நினைவகத்தில் ஒரு பிரதி எடுத்தே லினக்ஸ் வேலை செய்யும் ஆதலால், நினைவகத்தில் உள்ளதற்கு நினைவகத்திலேயே பிரதி! 512 மெகாபைட் வைத்திருப்பவனுக்கு இந்த ஆடம்பரம் கட்டுப்படியாகாது.

ராம்எஃப்எஸ் என்பது இந்தப் பிரதியையே பயன்படுத்திக்கொள்ளும் அழகான எண்ணம். சாதாரணமாக ஒரு கோப்பின் பக்கங்கள் கார்டிலிருந்து நினைவகத்துக்கு வரும். நாம் எழுதுவது அந்தப் பிரதியில். சற்றுப் பொறுத்து, மாறிய பக்கங்களை லினக்ஸ் கார்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ராம்எஃப்எஸ் அந்தக் கடைசிப் படியை நீக்கிவிடுகிறது. பின்னால் அசல் இல்லை, பிரதியே அசல். ஆனால் இதற்கு அளவு கிடையாது. எழுத எழுத வாங்கிக்கொண்டே போய்க் கடைசியில் கணிப்பொறியையே திணற அடித்துவிடும்.

அந்தக் குறையை நீக்கியது டெம்ப்எஃப்எஸ். இதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நாம் சொல்லாவிட்டால் மொத்த நினைவகத்தில் பாதி என்று கொள்ளும். வரம்பு 32 மெகாபைட் என்று வைத்தாலும் உள்ளே 1 மெகாபைட்தான் இருக்கிறது என்றால் 1 மெகாபைட் அளவே இடம் பிடிக்கும். நினைவகம் நெருக்கடியானால் பக்கங்களை ஸ்வாப் என்னும் புறவிடத்துக்கு அனுப்பவும் செய்யும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் புறவிடத்தைக் கார்டிலேயே வைத்திருந்தால், எதைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டோமோ அதன்மேலேயே மறுபடி எழுத்து விழும்.

இந்த எண்ணம் புதியதன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களின் இறுதியிலேயே தன் சன்ஓஎஸில் டெம்ப்எஃப்எஸ் என்ற பெயரிலேயே இதைக் கொடுத்தது. 1990இல் மெக்யூசிக், காரெல்ஸ், போஸ்டிக் ஆகிய மூவரும் பெர்க்லியின் யூனிக்ஸுக்கு இத்தகைய முறைமை ஒன்றை விளக்கிக் கட்டுரை எழுதினர். லினக்ஸில் இது 2001இல் வந்த 2.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது வேகம். மெதுவாகச் சுழலும் டிஸ்கில் தற்காலிகக் கோப்புகளை எழுதிக் காலத்தை வீணாக்காதிருக்க வழி தேடினார்கள். நாம் தேடுவது கார்டின் ஆயுள்.

வீட்டு இணையப் பெட்டியான ரௌட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. புகழ்பெற்ற லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டரின் முதல் வடிவத்தில் 4 மெகாபைட் ஃபிளாஷும் 16 மெகாபைட் ரேமும்தான் இருந்தன. இத்தகைய ரௌட்டர்களுக்காக எழுந்த ஓபன்டபிள்யூஆர்டி என்னும் லினக்ஸ், தற்காலிகக் கோப்புகளையும் நாட்குறிப்பையும் ரேமில் வைக்கிறது. நாம் மாற்றும் அமைப்புகளை மட்டும் ஃபிளாஷில் எழுதுகிறது. அணைத்துப் போட்டால் நாட்குறிப்பு மறைந்துவிடும். அதற்காக யாரும் அழுவதில்லை.

நான் செய்த இரண்டு தவறுகள்

புதுக் கார்டு போட்டு, வெப்பநிலை, மழை இரண்டு கோப்புகளையும் டெம்ப்எஃப்எஸில் வைத்தேன். ஒரு நாளுக்கு 260 கிலோபைட்தானே என்று வரம்பை 1 மெகாபைட் ஆக்கினேன். திங்கட்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கிய பதிவு வெள்ளிக்கிழமை 11 மணிவாக்கில் நின்றுபோயிற்று. இடமில்லை என்ற செய்தியை எதிர்பாராத நிரல் அப்படியே விழுந்துவிட்டது. 10,48,576ஐ 30ஆல் வகுத்தால் 34,952 வரிகள். அதற்கு 4 நாள் 1 மணி 5 நிமிடம். தாளில் முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைக் கருவி போட்டுக் காட்டியது. வரம்பை 32 மெகாபைட் ஆக்கினேன். வெள்ளிதோறும் மாடிக்குப் போய்ப் பிரதி எடுத்து வருவது, எடுத்ததும் பழையதை அழிப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டேன்.

அதுதான் இரண்டாம் தவறு. ஐப்பசியில் ஒரு செவ்வாய் இரவு பெருமழை. நள்ளிரவுக்குமேல் மின்சாரம் போய்விட்டது. காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன். கணிப்பொறி புதிதாக விழித்துக் காலை 6 மணியிலிருந்து எழுதிக்கொண்டிருந்தது. வெள்ளியிலிருந்து செவ்வாய் வரை ஒன்றுமில்லை. பக்கத்தில் பழைய மழைமானி இருக்கிறது. ஆய்வக உதவியாளர் அண்ணன் நாள்தோறும் காலை 8.30க்கு அளந்து நோட்டில் எழுதுவார். அன்றைய தாளில் 74 மி.மீ. என்று அவர் கையெழுத்தில் இருக்கிறது. எந்த மணியில் எவ்வளவு கொட்டியது, எப்போது உச்சம் என்பது, அதாவது எதற்காக இந்தப் பெட்டியையே வைத்தோமோ அது, போயிற்று.

அணைக்கும்போது ரேமிலுள்ளதைக் கார்டுக்கு மாற்றும் ஏற்பாட்டை நான் செய்துதான் வைத்திருந்தேன். ஆனால் முறையாக அணைத்தால் அல்லவா அது ஓடும்? மின்வெட்டு சொல்லிக்கொண்டு வருவதில்லை.

அன்று இரவு வீட்டில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குபவர். அவருக்குக் கணிப்பொறி தெரியாது. ஆனால் கேட்டதும், “நம்ம சுவத்துக் கணக்கு மாதிரிதான்” என்றார். மண்டியில் மூட்டை இறங்க இறங்கக் கணக்குப்பிள்ளை சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மாலையில் எண்ணிப் பேரேட்டில் ஏற்றுவார். நான் எட்டாம் வகுப்புப் படிக்கையில், அறுவடைக் காலத்தில் திடீரென மழை வந்து திறந்த பக்கத்துச் சுவரை நனைத்துக் கோடுகளைக் கழுவிவிட்டது. அன்றைய மூட்டைக் கூலி மதிப்பாகக் கொடுக்கப்பட்டது. மதிப்பு யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டுவதில்லை. அந்த வாரம் எங்களுக்கு அரிசி கடனில் வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

“அப்பவே நோட்டுல எழுதியிருக்கலாமேப்பா?” என்றேன்.

“எழுதிக்கிட்டே இருந்தா மூட்டைய யாருப்பா எண்ணுறது?” என்றார் அப்பா. சுவர் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மேகம் கறுத்தபோதே பேரேட்டை எடுத்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

செவ்வாய்க் கிரகத்திலும் இதே சிக்கல்

நம் கதை சிறிது. இதே சிக்கல் பெரிய இடத்திலும் வந்திருக்கிறது. அமெரிக்காவின் நாசா அனுப்பிய ஸ்பிரிட் என்னும் ஊர்தி 2004 ஜனவரி 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கியது. அதன் கணிப்பொறியில் 128 மெகாபைட் ரேம், 256 மெகாபைட் ஃபிளாஷ். ஜனவரி 21ஆம் நாள் திடீரென ஒழுங்கான தொடர்பு நின்றது. ஏழு மாதப் பயணத்திலும் இறங்கிய பிறகும் சேர்ந்த ஏராளமான கோப்புகள் ஃபிளாஷில் இருந்தன. அவற்றின் பட்டியலை நினைவகத்தில் வைத்துக்கொள்ள ஒதுக்கிய இடம் போதவில்லை. கணிப்பொறி விழுந்தது, மறுபடி எழுந்தது, எழுந்ததும் அதே ஃபிளாஷைத் திறக்க முயன்று மறுபடி விழுந்தது. அறுபது முறைக்கு மேல் இப்படி. இரவிலும் உறங்காமல் மின்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது.

பொறியாளர்கள் அதை எப்படி மீட்டார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. ‘ஃபிளாஷைத் தொடாதே, ரேமிலேயே கோப்பு முறைமையை அமைத்துக்கொண்டு எழுந்திரு’ என்ற பொருளுடைய கட்டளையை அனுப்பினார்கள். எழுந்தது. பின்னர் வேண்டாத கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் ஃபிளாஷை அழித்துப் புதிதாக அமைத்தார்கள்.

அதன் இரட்டையான ஆப்பர்ச்சூனிட்டியின் கதை நம் மாடிப் பெட்டிக்கு இன்னும் நெருக்கமானது. 90 நாள் உழைப்பதற்காகத் திட்டமிடப்பட்டு 2004 ஜனவரியில் இறங்கிய அவ்வூர்தி, பத்தாண்டு கடந்த பின்பும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஃபிளாஷ் முதுமையடைந்து, எழுதியதை மறக்கத் தொடங்கியது. 2014 டிசம்பரில் ஃபிளாஷை ஒதுக்கிவிட்டு ரேமை மட்டும் கொண்டு இயக்கினார்கள். ஊர்தி இரவில் உறங்கும்போது ரேம் அழிந்துவிடுமே? அன்றன்று எடுத்ததை, உறங்குமுன் பூமிக்கு அனுப்பிவிட வேண்டும் என்பதே ஏற்பாடு. மாலையில் பேரேட்டில் ஏற்றும் வேலைதான். ஆனால் செவ்வாயில் மாலை எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரியும். எங்கள் ஊர் மின்சாரம் எப்போது போகும் என்பது தெரியாது.

எதை எங்கே வைப்பது

முதலில், மணிக்கு ஒருமுறை ரேமிலிருந்து கார்டுக்கு மாற்றலாம் என்று எண்ணினேன். நாளுக்கு 8,640 எழுத்து 24 ஆகிவிடும். இழந்தால் அதிகம் போனால் ஒரு மணி நேரம். பேராசிரியர் கேட்டார்: “எந்த ஒரு மணி நேரம்?”

அங்கேதான் விழித்துக்கொண்டேன். மின்சாரம் எப்போது போகிறது? காற்றும் மழையும் கடுமையாக இருக்கும்போதுதான். அப்படியானால் நாம் இழக்கும் மணி ஏதோ ஒரு மணி அன்று. பெரும்பாலும் மழை உச்சத்திலிருக்கும் மணி. ஆண்டு முழுவதும் ரேமில் எழுதி, மணிக்கொருமுறை சேமித்து, மின்வெட்டில் மட்டும் இழந்தால், நம் கோப்பில் தூறல்கள் பத்திரமாக இருக்கும், பெருமழைகள் இருக்கா. அந்தக் கோப்பைப் பின்னர் படிப்பவர் இந்த ஊரில் மழை மென்மையானது என்று முடிவு கட்டுவார்! முழுவதும் காணாமற்போன கோப்பைவிட இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்த கோப்பு ஆபத்தானது. காணாமற்போனதாவது காணோம் என்று தெரியும்.

ஆகவே இரண்டையும் பிரித்தேன். வெப்பநிலை 10 வினாடிக்கொருமுறை வருவது. ஒரு மணி நேரம் போனாலும் முன்னும் பின்னும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். அது டெம்ப்எஃப்எஸில் இருந்து மணிக்கொருமுறை கார்டுக்குப் போகிறது. மழைத் தொட்டி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மி.மீ.; அது மறுபடி வராத செய்தி. ஒவ்வொரு கவிழ்ப்பும் உடனே கார்டில் எழுதப்படுகிறது. ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தாலும் 500 கவிழ்ப்புதான். எழுத்து 8 மெகாபைட்டுக்குள் அடங்கும். மழையில்லாத நாளில் ஒன்றுமே இல்லை. லினக்ஸின் நாட்குறிப்பு முழுவதையும் ரேமுக்கு அனுப்பிவிட்டேன். அது போனால் போகட்டும். புறவிடமான ஸ்வாப்பையும் அணைத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் செய்ய விரும்புவோருக்குச் சொல்லிவைக்கிறேன். கார்டிலுள்ள கோப்பில் எழுதும்படி நிரலில் சொன்னதும் அது கார்டுக்குப் போய்விட்டதாக நம்பக் கூடாது. அரை நிமிடம்வரைகூட லினக்ஸ் அதை நினைவகத்திலேயே பிடித்துவைத்திருக்கலாம். எஃப்சிங்க் என்னும் கட்டளையைத் தனியாகக் கொடுத்து ‘இப்போதே கொண்டுபோய்ச் சேர்’ என்று கேட்க வேண்டும். எல்லா வரிக்கும் அதைக் கேட்டதால்தான் முதல் கார்டு செத்தது. எதற்குமே கேட்காமல் விட்டதால் ஐப்பசி மழை போயிற்று.

இப்புதிய ஏற்பாடு கார்த்திகை முதல் நாளிலிருந்து நடந்து வருகிறது. மார்கழி முடிவதற்குள் மின்சாரம் 11 முறை போயிற்று. வெப்பநிலைப் பதிவில் ஒரு முறைக்கு அதிகபட்ச இழப்பு 52 நிமிடம். எண்ணப்பட்ட மழைக் கவிழ்ப்பில் ஒன்றும் அழியவில்லை. ஆயினும் உதவியாளர் அண்ணனின் நோட்டோடு ஒப்பிட்டால் நம் கூட்டுத்தொகை இரண்டு நாட்களில் குறைகிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் பெய்த மழையைக் கருவி எண்ணவே இல்லை. அதற்குக் கோப்பு முறைமை ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மின்கலம் வேண்டும். விண்ணப்பம் எழுதித் துறைத் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன்.